நீர் கல்லாகும் நேரம்

— இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

கடலுக்கும் எங்கள் கடத்தூருக்கும் வெகுதூரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது பாடப்புத்தகத்துப் படம். நீச்சல் என்பது கிணறு. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கிணறு மேலேறி நிற்கும். அப்போது பள்ளி விட்டதும் புத்தகப்பை கரையில் கிடக்கும். பிள்ளைகள் தண்ணீரில் கிடப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் என் அண்ணனும் அவருடைய கூட்டாளியும் ஒரே திட்டிலிருந்து ஒரே நேரத்தில் குதித்தார்கள். திட்டிலிருந்து தண்ணீருக்குப் பதினோரு அடி இருக்கும். கூட்டாளி கால்களை ஒட்டி வைத்து நேராக இறங்கினார்; சிரித்துக்கொண்டே மேலே வந்தார். அண்ணனுக்குக் கால் வழுக்கிவிட்டது. மார்பும் வயிறும் தட்டையாகத் தண்ணீரில் மோதின. ‘பளார்’ என்ற அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. தூக்கிக் கரையேற்றியபோது பேச்சில்லை, வாயில் இரத்தம். இரண்டு மாதம் படுக்கை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை அவர் எழுதவில்லை, பிறகும் எழுதவில்லை. இன்று பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் ஆனதில் அந்தக் கிணற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே கிணறு, அதே உயரம், அதே தண்ணீர். ஒருவருக்கு மெத்தை, மற்றவருக்குக் கல். இது எப்படி? இக்கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், ஆபத்து வேளையில் விமானங்களும் விண்கலங்களும் நீரில் இறங்கும் கணக்கை நான் படிக்க நேர்ந்தது. படித்ததை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் நாட்டுக்கும் இது சொந்தக் கணக்கே

2023 ஆம் ஆண்டு அக்டோபர் 21 ஆம் நாள் காலை 10 மணிக்கு ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஒரு சோதனை ராக்கெட் கிளம்பியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஒரு படி அது. பறக்கும் வழியில் ராக்கெட்டுக்கு ஆபத்து நேர்ந்தால் உள்ளிருக்கும் வீரர்களை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அன்றைய சோதனை. ஆள் இல்லாத கலம் ராக்கெட்டிலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டது, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் தனியே பிரிந்தது, பாராசூட்டுகள் விரிந்தன, கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் வங்கக் கடலில் இறங்கியது. கடற்படையின் ‘சக்தி’ கப்பல் அதை மீட்டுச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அவசரமாக நீரில் இறங்குவதற்கு, நம் தமிழகக் கரைக்கு அருகிலேயே நடந்த ஒத்திகை இது என்றால் மிகையாகாது.

இதற்கு முன்னோடிகள் உண்டு. 2007 ஜனவரி 22 அன்று, பன்னிரண்டு நாட்கள் பூமியைச் சுற்றிய 550 கிலோ எடையுள்ள கலம் ஒன்றை நம் விஞ்ஞானிகள் வங்கக் கடலில் இறக்கி மீட்டனர். அது நீரைத் தொட்ட வேகம் நொடிக்கு 12 மீட்டர். 2014 டிசம்பர் 18 அன்று மூன்றே முக்கால் டன் எடையுள்ள இன்னொரு கலம் அந்தமான் பக்கத்துக் கடலில் இறங்கியது. 2025 ஆகஸ்ட் 24 அன்று ஹெலிகாப்டரில் தூக்கிச் சென்று ஒரு மாதிரிக் கலத்தைப் பாராசூட்டுகளோடு கடலில் போட்டுப் பார்த்தார்கள். இந்தக் கலம் நீரைத் தொடும்போது நொடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது திட்டம்.

நொடிக்கு 8 மீட்டர்! இந்த எண்ணைப் பார்த்ததும் நான் பென்சிலை எடுத்தேன். பதினோரு அடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் என்ன? பிளஸ் ஒன் இயற்பியல் சூத்திரம் போதும்: நொடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர். ஆம்! விண்வெளி வீரர்கள் கடலைத் தொடப்போகும் வேகமும், என் அண்ணன் எங்கள் கிணற்றைத் தொட்ட வேகமும் ஒன்றே. அன்று முதல் இந்தக் கணக்கு எனக்கு அயலான கணக்காகத் தோன்றவில்லை.

நீர் ஏன் அடிக்கிறது?

ஒரு கைவண்டி சமதரையில் உருண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் நிற்பவர்கள் மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை ஒவ்வொன்றாக அதில் வைக்கிறார்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டியின் வேகம் சிறிது குறையும். அத்தனை மூட்டைகளையும் ஒரே கணத்தில் வைத்தால்? வண்டியின் வேகம் ‘டக்’ கென்று குறைந்துவிடும்.

நீரில் விழும் பொருளுக்கும் இதுவே கதி. அது நீருக்குள் செல்ல வேண்டுமானால் அங்கே சும்மா இருந்த நீரைத் தன்னோடு நகர்த்தியாக வேண்டும். நகரும் நீரின் நிறை, பொருளின் நிறையோடு சேர்ந்துகொள்கிறது. உந்தம் மாறாது என்ற விதிப்படி, நிறை கூடக்கூட வேகம் குறையும். கால் முதலில் இறங்கினால் நீர் மூட்டைகள் மெல்ல மெல்ல ஏறுகின்றன. தட்டையாக விழுந்தால் எல்லாம் ஒரே கணத்தில் ஏறுகின்றன. கல்லைப் போல் நீர் அடிப்பது இந்தக் கணத்தில்தான்.

இதை முதன்முதலில் கணக்காக்கிக் காட்டியவர் தியோடர் வான் கார்மான் என்ற மேதை. நீர்விமானங்களின் மிதவைகள் இறங்கும்போது படும் அடியைப் பற்றி 1929 இல் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மிதவையை ஓர் ஆப்பாக எண்ணிக்கொண்டார். ஆப்பு நனைந்த அகலத்தை விட்டமாகக் கொண்டு ஓர் அரை உருளை வரைந்தால், அந்த உருளையில் அடங்கும் நீரே ஆப்போடு சேர்ந்து நகரும் நீர் என்று கொண்டார். எவ்வளவு எளிமை! 1932 இல் ஹெர்பர்ட் வாக்னர் இதைத் திருத்தினார். ஆப்பு இறங்கும்போது ஓரங்களில் நீர் மேலெழும்புகிறது. ஆகவே நனையும் அகலம் வான் கார்மான் எண்ணியதைவிட அதிகம் என்று காட்டினார்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு விமானம்

வான் கார்மானின் வழியில் நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஓர் ஆப்பு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1000 கிலோ எடை, நீரைத் தொடும் வேகம் நொடிக்கு 8 மீட்டர். மோதும் நேரம் மிகக் குறுகியது என்பதால் புவியீர்ப்பையும் மிதப்பு விசையையும் விட்டுவிட்டேன். ஆப்பின் இரு பக்கங்களும் நீர்ப்பரப்போடு செய்யும் கோணத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன்.

கோணம் 45 பாகையாக இருந்தால், அதாவது ஆப்பு கூர்மையாக இருந்தால், மிகப்பெரிய அடி புவியீர்ப்பைப் போல் 4 மடங்கு. 30 பாகையில் 7 மடங்கு. 10 பாகையில், ஏறக்குறையத் தட்டையாக இருக்கும்போது, 24 மடங்கு! எடையில் மாற்றமில்லை, வேகத்தில் மாற்றமில்லை, கோணம் ஒன்றே மாறியது. வேகத்தைப் பாதியாக்கினால் அடி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதையும் கண்டேன். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அடி ஏறுகிறது.

முற்றிலும் தட்டையானால்? சூத்திரம் முடிவிலியைக் காட்டுகிறது. இயற்கையில் முடிவிலி கிடையாது. அந்நிலையில் நீர் நசுங்கும் தன்மையும், அதில் ஒலி செல்லும் வேகமும், இடையில் சிக்கிய காற்றும் கணக்கில் நுழைந்து அடியை ஓர் எல்லைக்குள் நிறுத்துகின்றன. சூத்திரம் எங்கே கைவிடுகிறதோ அங்கே இயற்பியல் தொடர்கிறது.

துண்டு போடும் வித்தை

மேலே சொன்ன ஆப்புக்குச் சூத்திரம் உண்டு. உண்மையான விமானத்துக்கு ஒரே சூத்திரம் கிடையாது. இறக்கை, எஞ்சின், வளைந்த வயிறு, அலை, காற்று எல்லாவற்றையும் ஒரு வரியில் அடக்க முடியாது. அங்கேதான் எண்முறைப் பாவனை என்ற வழி வருகிறது. நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டுகிறோம். இந்தத் துண்டில் விசை என்ன, அடுத்த துண்டில் வேகம் என்ன, இடம் என்ன என்று படிப்படியாகப் போகிறோம். நம் எண்முறைப் பகுப்பாய்வுப் பாடத்தில் வரும் ஆய்லர் முறை இதுவே.

அந்த 10 பாகை ஆப்பையே இம்முறையிலும் போட்டுப் பார்த்தேன். விடை முன்பே தெரியும்: 24 மடங்கு. முதலில் துண்டின் அளவை நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்தேன். அது சிறிய நேரம்தானே என்று எண்ணினேன். வந்த விடை 40 மடங்கு! எங்கோ கூட்டலில் பிழை என்று மூன்று முறை திரும்பப் போட்டேன். கூட்டல் சரி. பிறகுதான் புரிந்தது: உச்ச அடி விழுவது நீரைத் தொட்ட நொடியின் ஆயிரத்தில் எட்டாவது பங்கில், ஆப்பு ஆறு சென்டிமீட்டர் இறங்குவதற்குள். என் முதல் துண்டு அந்த உச்சத்தையே தாண்டிக் குதித்துவிட்டது. துண்டை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் போட்டேன். பத்து வரிக்குள் உச்சம் வந்தது: 25 மடங்கு. சூத்திரத்தின் 24க்கு வெகு அருகில்.

பெரிய கணிப்பொறிகள் செய்வதும் இதுவே. ஆனால் அவை நேரத்தோடு நீரையும் வெட்டுகின்றன. ஒரு வகையில் நீரும் காற்றும் உள்ள வெளியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பங்கு நீர் என்று கணக்கு வைப்பார்கள். இன்னொரு வகையில் நீரையே கோடிக்கணக்கான துகள்களாகக் கொண்டு, ஒவ்வொன்றும் தன் அண்டைத் துகளை எப்படித் தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். இந்தத் துகள் முறை 1977 இல் விண்மீன்களைப் பற்றி ஆராய்வதற்காகப் பிறந்தது. விண்மீனுக்குச் செய்த கணக்கு, நீர் சிதறுவதற்கும் பொருந்தியது விஞ்ஞானத்தின் விந்தைகளில் ஒன்று.

கரண்டி சொல்லும் பாடம்

விமானம் நீரில் இறங்கும்போது அடி மட்டும் ஆபத்து இல்லை, உறிஞ்சலும் ஆபத்து. வீட்டில் குழாயைத் திறந்து, விழும் நீரில் ஒரு கரண்டியின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். நீர் கரண்டியைத் தள்ளாது. தன் பக்கம் இழுக்கும். விமானத்தின் பின்வயிறும் கரண்டியின் முதுகு போல் வளைந்ததே. வேகமாக ஓடும் நீர் அதைக் கீழே இழுக்கும், வால் அமிழும், மூக்கு தூக்கும், பிறகு மூக்கு வந்து அறையும். ஓர் இறக்கை முந்தி நீரில் பட்டாலோ விமானமே சுழன்று உடையும்.

இதை ஆராய முன்பு சிறு மாதிரி விமானங்களைத் தொட்டி நீரில் எறிந்து பார்த்தார்கள். 1944 இல் அமெரிக்காவில் ஒரு குண்டுவீச்சு விமானத்தையே ஜேம்ஸ் ஆற்றில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தார்கள். ஆனால் சிறு மாதிரியில் ஒரு குறை உண்டு. விமானத்தைச் சிறிதாக்கலாம், தொட்டியின் மேலுள்ள வளிமண்டல அழுத்தம் தானாகச் சிறிதாகாது. ஆகவே உறிஞ்சல் மாதிரியில் ஒருவிதமாகவும் உண்மை விமானத்தில் வேறுவிதமாகவும் இருக்கும். ஒவ்வொரு முறையும் உண்மை விமானத்தை உடைத்துப் பார்ப்பதோ நடவாத காரியம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கணிப்பொறி தேவைப்படுகிறது.

எண்ணியது ஒன்று, இறங்கியது ஒன்று

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஒரு ஏ320 விமானத்தின் இரு எஞ்சின்களும் பறவைகள் மோதியதால் வலுவிழந்தன. விமானி சல்லன்பெர்கர் மூன்றரை நிமிடத்தில் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். விமானத்தில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். உலகமே பாராட்டியது. அந்தப் பாராட்டுக்கு நடுவே விசாரணையாளர் ஓர் எண்ணைக் கவனித்தார்கள். அந்த விமானத்துக்குச் சான்று வழங்கியபோது, அது நொடிக்கு மூன்றரை அடி வீதம் கீழிறங்கி நீரைத் தொடும் என்று எண்ணியிருந்தார்கள். எஞ்சினின் உதவி இருக்கும் என்பது அந்த எண்ணத்தில் அடக்கம். எஞ்சின் இல்லாத அன்று விமானம் இறங்கியதோ நொடிக்குப் பன்னிரண்டரை அடி வீதம். பின்பக்கத்து வயிறு கிழிந்தது. அங்கே ஆற்று நீர் புகுந்தது. பயணிகள் நால்வரும் பணிப்பெண் ஒருவரும் பலத்த காயமடைந்தனர்.

மூன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் வித்தியாசம் மூன்றரை மடங்குதானே என்று தோன்றலாம். அடி வேகத்தின் வர்க்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முன்னோக்கிய வேகத்தை ஒதுக்கிவிட்டு வான் கார்மானின் எளிய விதியால் மதிப்பிட்டால், அது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். கூட்டலும் பெருக்கலும் எவ்வளவு சரியாக இருந்தாலும், தொடக்கத்தில் வைத்த எண்ணம் நடப்போடு ஒட்டாவிட்டால் விடையும் ஒட்டாது. ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்று நம் முன்னோர் சொன்னது கணக்குப் போடுபவர்களுக்கும் பொருந்தும்.

மறுபக்கமும் உண்டு. 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவுகளின் அருகே கடலில் விழுந்தது. இடப்பக்கம் சாய்ந்து முந்தி நீரில் பட்டதால் விமானம் உடைந்தது. 175 பேரில் 125 பேர் மாண்டனர். விமானத்துக்குள்ளேயே மிதவைச் சட்டையை ஊதிக்கொண்டு, நீர் ஏறியபோது வெளியேற முடியாமல் இறந்தோர் பலர். நம் நாட்டிலும் 2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் எண்ணெய்க் கிணற்று மேடை அருகே ஒரு ஹெலிகாப்டர் கடலில் இறங்கியது. ஒன்பது பேரில் நால்வர் உயிரிழந்தனர். நீரைத் தொடும் கணம் மட்டும் கணக்கு முடியும் இடமன்று. அதற்குப் பின் எப்படி மிதக்கிறது, எப்படி வெளியேறுகிறார்கள் என்பதும் கணக்கில் சேரும்.

ஸ்ரீஹரிக்கோட்டாவின் சோதனையும் இதையே சொன்னது. பாராசூட்டுகள் விரிந்தன, கலம் கடலில் இறங்கியது. ஆனால் மீட்கப் போனவர்கள் கண்டது தலைகீழாக மிதந்த கலத்தை! உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் இருக்கைப் பட்டையில் தலைகீழாகத் தொங்கியிருப்பார்கள். கவிழ்ந்த கலத்தை நிமிர்த்தும் காற்றுப்பைகள் ககன்யான் திட்டத்தில் ஏன் இடம்பெறுகின்றன என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? ஆள் இல்லாத கலத்தைக் கடலில் போட்டுப் பார்ப்பது, கணக்கைக் கடலிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவதாகும். அப்படித் திருத்திக்கொள்ளாத கணக்கை நம்பி மனிதரை அனுப்பக் கூடாது.

முடிவாக

மாணவ நண்பர்களே! ஆய்லர் முறையை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்களில் நானும் ஒருவன். நூற்றில் ஒரு பங்கு என்ற துண்டு 24ஐ 40 ஆக்கியதைக் கண்ட நாளிலிருந்து, எந்த விடைக்குக் கீழும் இரண்டு வரி எழுதப் பழகிவிட்டேன்: எதை விட்டுவிட்டேன், எதை எண்ணிக்கொண்டேன். இதற்குப் பெரிய கணிப்பொறி வேண்டாம். ஒரு கால்குலேட்டரும் நாற்பது பக்க நோட்டும் போதும்.

பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். திண்ணையில் கிடந்த என் நோட்டைப் புரட்டினார்.

“என்னடா இது, ஆப்புப் படமா போட்டு வெச்சிருக்க?”

நான் விளக்கினேன். மனித உடம்பு ஆப்பு அன்று. ஆகவே இந்த எண்கள் அப்படியே உங்களுக்குப் பொருந்தாது அண்ணா என்பதையும் சொன்னேன். அவர் 4 என்ற எண்ணின் மேலும் 24 என்ற எண்ணின் மேலும் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப கிணத்து மேல தப்பில்ல. உசரத்து மேலயும் தப்பில்ல. நான் விழுந்த வாட்டந்தான்.”

“ஆமாண்ணா.”

“இத இங்க குதிக்கிற பசங்ககிட்ட சொன்னியா?”

நான் சொல்லவில்லை. அன்று மாலையே அண்ணனும் நானும் கிணற்றுக்குப் போனோம். திட்டின் மேல் ஐந்தாறு பையன்கள் நின்றிருந்தார்கள். கணக்கு எதையும் நான் சொல்லவில்லை. முதலில் ஒரு நீளக் கழியை விட்டு ஆழம் பார்த்தோம். பிறகு, கால்களை ஒட்டி வைத்து நேராக இறங்குவது எப்படி என்று அண்ணன் கரையில் நின்றபடியே காட்டினார்.